காற்றுக்குக் கணக்கு

எங்கள் உத்தமபாளையத்தில் ஆடி பிறந்துவிட்டால் காற்றுக்குக் கொண்டாட்டம்தான். மாடியில் புடவை உலர்த்தினால் அடுத்த வீட்டுக் கொல்லையில் போய்த் தேட வேண்டும். இந்தக் காற்றை நம்பி எங்கள் பள்ளத்தாக்கில் காற்றாலைகள் சுழல்கின்றன. என் மகளுக்கும் காற்றுதான் சம்பளம் கொடுக்கிறது என்றால் நம்புவீர்களா?

பெங்களூரில் விமானங்களுக்காகக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவது அவள் உத்தியோகம். "காத்தைப் பத்தி எழுதக்கூடவா காசு குடுக்கிறாங்க?" என்று என் நாத்தனார் அதிசயப்பட்டாள்.

போன ஆடியில் வந்திருந்த மகள், கொடியில் படபடத்த புடவையைக் காட்டி எனக்குப் பாடம் நடத்தினாள். காற்று புடவையை அசைக்கிறது. புடவை அசைந்ததும் அதன்மேல் படுகிற காற்றும் மாறுகிறது. மாறிய காற்று மறுபடி புடவையைத் தள்ளுகிறது. விமானத்தின் இறக்கையும் இப்படித்தானாம், வளையும், முறுக்கிக்கொள்ளும். ஓரளவு வேகம் வரையில் காற்றே அந்த ஆட்டத்தை அடக்கிவிடும். அந்த வேகத்தைத் தாண்டினாலோ, அதே காற்று ஆட்டத்துக்குத் தீனி போடும். சில விநாடிகளில் இறக்கை முறிந்துவிடலாம். இதற்கு 'ஃப்ளட்டர்' என்று பெயர்.

இதற்கு 1935-ல் அமெரிக்காவில் தியோடர்சன் என்பவர் சூத்திரம் கண்டுபிடித்தார். 1969-ல் அல்பானோ, ராடன் என்ற இருவர், இறக்கையைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் வழியைச் சொன்னார்கள். ஒவ்வொரு கட்டமும் மற்ற ஒவ்வொரு கட்டத்தையும் எப்படிப் பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும். 500 கட்டங்கள் என்றால் இரண்டரை லட்சம் எண்கள்! பயணி விமானமானால், வடிவமைத்த உச்ச வேகத்துக்கு மேல் இன்னும் 15 சதவீதம் வரையில் இந்த ஆபத்து வரக் கூடாது என்பது விதி.

ஆவணியில் அவளைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. இரண்டு நாள் இருக்கும்போது போன் வந்தது.

"அம்மா, நான் வர முடியாது. விடை தெரிஞ்ச பழைய கணக்கைக் கொடுத்தேன். என் புரோகிராம் வேறே விடை சொல்லுது."

"எவ்வளவு வித்தியாசம்?"

"கொஞ்சம்தான். ஆனா, ஏறி உட்கார்றவங்களுக்கு அது கொஞ்சமா, அம்மா? காரணம் தெரியாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

நாத்தனாருக்கு வந்ததே கோபம்! "நல்ல சம்பந்தம் கை நழுவிப் போகுது. பொண்ணுக்குப் புத்தி சொல்லாம நிக்கிறியே!" என்றாள்.

"கழுத்திலே தாலி ஏறறதைத் தள்ளிப் போடலாம், மதினி. வானத்திலே ஏறினவங்களை அப்படி நிறுத்தி வைக்க முடியுமா?" என்று சொல்லிவிட்டு, பிள்ளை வீட்டாருக்கு நானே போன் செய்தேன். உள்ளதை உள்ளபடி சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சே இல்லை. என் நெஞ்சும் படபடத்தது.

"என் பையன் மாசம் ரெண்டு தடவை பிளேன்லே போறவன். உங்க பொண்ணு நிதானமாவே பார்க்கட்டும்" என்றார் அந்த அம்மாள்.

பத்தாம் நாள் காரணம் அகப்பட்டது. ஆடும் இறக்கை தனக்குப் பின்னே சுழல்களை விட்டுச் செல்கிறதாம். அவற்றின் பாதிப்பைக் கூட்டுகிற இடத்தில், கூட்டல் குறிக்குப் பதிலாகக் கழித்தல் குறி விழுந்திருந்தது. அந்தச் சிறு கோட்டைத் திருத்திய பிறகுதான் என் பெண் ஊருக்குப் பஸ் ஏறினாள்.