மூச்சுத் திணறிய வண்டி

மலைநாட்டில் மோட்டார் வண்டி வைத்திருப்போருக்கு ஆண்டுதோறும் ஒரு காய்ச்சல் வருவதுண்டு. நுவரெலியாவில் வசந்தகாலம் பிறந்து, மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி நெருங்குகையில் அது உச்சத்தை அடையும். 1934 ஆம் ஆண்டில் தொடங்கிய அப்போட்டியில், சின்னஞ்சிறு வண்டிகளும் குன்றின் வளைவுகளிற் சீறிப் பாய்வதைக் கண்டவர்க்கு, தம் வீட்டுப் பழைய வண்டியும் அவ்வாறு பாய்ந்தாலென்ன என்னும் ஆசை எழுவது இயல்பே. நமக்கும் எழுந்தது. அவ்வாசை நமக்குக் கற்பித்த பாடத்தை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தப் பகுதியில் வாழும் நம்மிடம் இருப்பது, தந்தையார் விட்டுச்சென்ற மொறிஸ் மைனர். அதன் எஞ்சின் 1098 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது. அதிலே ஒன்றேகால் அங்குல எஸ்.யூ. காபரேட்டர் ஒன்று அடக்கமாக வேலை செய்துகொண்டிருந்தது. போட்டி வண்டியொன்றிலிருந்து கழற்றிய இரட்டைவாய் வேபர் காபரேட்டர் மலிவு விலைக்குக் கிடைத்தபோது, நாம் முன்பின் எண்ணாது வாங்கிப் பொருத்தினோம். வாய் பெரிதானால் மூச்சும் பெரிதாகும், மூச்சுப் பெரிதானால் வலிமையும் பெருகும் என்பதே நமது கணக்கு.

கணக்குப் பிழைத்தது. காபரேட்டரின் குறுகிய தொண்டை வழியே காற்று விரைந்து ஓடும்போதுதான் பெற்றோல் நன்கு உறிஞ்சப்பட்டு நுண்துளியாகக் கலக்கும். எஞ்சின் மிக வேகமாகச் சுழலும் போட்டி வண்டிக்கு அகன்ற தொண்டை நன்மை செய்யும். வளைவுக்கு வளைவு வேகம் குறைந்து ஏறும் நம் வண்டிக்கோ, காற்று அத்தொண்டையிற் சோம்பி நடந்தது. பெற்றோல் துளித்துளியாய்ச் சிதறியது. எஸ்.யூ. காபரேட்டரில் எஞ்சினின் தேவைக்கேற்ப ஒரு பிஸ்டன் தானே எழுந்தும் தாழ்ந்தும் வழியை அகலமாக்கியும் குறுக்கியும் காற்றின் வேகத்தை ஏறத்தாழ ஒரே அளவில் வைத்திருக்கும். அந்த அறிவாளியைத்தான் நாம் கழற்றிப் பெட்டியில் வைத்தோம்!

செய்த பிழை இஃதொன்றன்று. எவ்வளவு நல்ல எஞ்சினாயினும், எரிந்த வாயுவிற் சிறு பங்கு பிஸ்டன் வளையங்களைக் கடந்து, கீழே எண்ணெய் நிற்கும் கிராங்க் பெட்டிக்குள் இறங்கவே செய்யும். அதனை வெளியேற்ற நம் வண்டியில் இரு வழிகள் இருந்தன. ஒன்று, மேல் மூடியிலிருந்து காற்று வடிகட்டிக்குச் செல்லும் குழாய்; மற்றையது, எஞ்சினின் பக்கத்திலிருந்து கீழ்நோக்கித் தொங்கும் மூச்சுக்குழாய். வேபர் வந்தபோது பழைய வடிகட்டி போயிற்று. ஆகவே மேற்குழாயை மூடினோம். கீழ்க்குழாய் முற்றத்தில் எண்ணெய் சொட்டுகிறது, புகை நாறுகிறது என்று வீட்டார் முறையிடவே, அதற்கும் ஒரு மர ஆப்பை அறைந்தோம். முற்றம் சுத்தமாயிற்று. நாமும் மகிழ்ந்தோம்.

மழைக்கால இரவொன்றில், அயல் லயத்து மூதாட்டி ஒருவர் மூச்சிரைப்பால் துடிக்கிறார் என்று அழைப்பு வந்தது. அவரையும் மகனையும் ஏற்றிக்கொண்டு, பெரகலை ஏற்றம் வழியாகத் தியத்தலாவை வைத்தியசாலையை நோக்கிப் புறப்பட்டோம். பாதி ஏற்றத்திலே எஞ்சின் இரைந்தது, வண்டியோ நகரவில்லை. கிளட்ச் வழுக்கியது. எரிந்த எண்ணெயின் நாற்றம் உள்ளே நிறைந்தது. கொட்டும் மழையில் வண்டி அசையாது நின்றபோது, அம்மூதாட்டியின் நெஞ்சு இழுக்கும் ஒலி ஒன்றே நமக்குக் கேட்டது.

தெய்வாதீனமாக மரக்கறி லொறி ஒன்று வந்து அவரை ஏற்றிச் சென்றது. பிழைத்தார். மறுவாரம் நாம் தலைகுனிந்து பார்க்கச் சென்றபோது, “எனக்குத்தான் மூச்சு வாங்குதுன்னு நெனச்சேன் தம்பி, ஒங்க வண்டிக்கும்ல வாங்கிருச்சு!” என்று சிரித்தார். அவர் ஏசியிருந்தாலும் அவ்வளவு சுட்டிராது.

பண்டாரவளையிலே நமக்குத் தெரிந்த முதிய கராஜ் பாஸ், வண்டியின் அடியில் ஒரு முறை பார்த்ததும் மர ஆப்பைப் பிடுங்கிக் கையிலே தந்தார். “ஐயா, மலையில கானை அடைச்சா தண்ணி என்ன செய்யும்? வேற வழி தேடும். எண்ணெயும் அப்படித்தான்” என்றார். வழி அடைபட்ட வாயு அழுத்தமாகி, பின்புறத்தால் எண்ணெயைத் தள்ளிக் கிளட்சை நனைத்துவிட்டது. வேபர் கொட்டிய மிகைப் பெற்றோல் சிலிண்டர் சுவரால் வழிந்து எண்ணெயை நீர்த்துப்போகச் செய்திருந்தமையால், அவ்வேலை இன்னும் எளிதாயிற்று. “1961 இல் வந்த மினி கூப்பர் வேகத்துக்குப் பேர்போன வண்டி. அதுக்கே ஒன்றேகால் அங்குல எஸ்.யூ. ரெண்டுதான் வச்சான்” என்று அவர் கூறியபோது, நமக்கு மறுமொழி இல்லை.

மூச்சுக்குழாய் எண்ணெய் சிந்துமாயின், செய்யத்தக்கது அதை அடைப்பதன்று. போட்டி வண்டிக்காரர் குழாயை ஒரு சிறு தகரக் கலத்துக்குள் விட்டு எண்ணெயைப் பிடித்துக்கொள்வர். 1961 இல் கலிபோர்னியாவில் புது வண்டிகளுக்கு வந்த முறையோ, அவ்வாயுவை ஒரு வால்வு வழியாக எஞ்சினுக்கே திருப்பி எரித்துவிடுகிறது. குழாயில் புகை மிகுந்தால் வளையங்கள் தேய்ந்தன என்று அறிக. அப்புத்தளை ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரம். அங்கே காற்றின் செறிவு கடல்மட்டத்திலும் எட்டில் ஒரு பங்கு குறைவு. ஆதலின் கொழும்பிலே சீராக்கிய காபரேட்டர் இங்கே கரும்புகை கக்கும். பெற்றோலைச் சற்றுக் குறைத்துத் திருகிக்கொள்ளுதல் வேண்டும்.

பாஸ் சொன்ன கான் உவமை நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாட் காலையில், மழைநீர் ஊறிய மலை சரிந்து மீரியபெத்த லயங்களை மூடியதைக் கண்ட ஊர் நம் ஊர். உள்ளே பெருகும் அழுத்தம் வெளியே தெரியாது என்பதும், முன்னெச்சரிக்கையைப் பொருட்படுத்தாதிருத்தல் எத்துணைக் கொடிது என்பதும் இம்மண்ணில் வாழ்வோர்க்குப் பிறர் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவ்வாறிருந்தும், சொட்டும் எண்ணெய் சொன்ன எச்சரிக்கையை நாமே ஆப்படித்து அடக்கினோம்.

இப்போது பழைய எஸ்.யூ. தன் இடத்துக்கு மீண்டுவிட்டது. வேபர், தனக்குரிய போட்டி வண்டிக்குப் போய்விட்டது. முற்றத்தில் எண்ணெய் சொட்டுகிறது. அதற்கடியில் ஒரு தகரத் தட்டு வைத்திருக்கிறோம். சென்ற மாதம் அம்மூதாட்டியைக் கிளினிக்குக்கு ஏற்றிக்கொண்டு அதே பெரகலை ஏற்றத்தை ஏறினோம். வண்டி மெதுவாகத்தான் சென்றது, எங்கும் நிற்கவில்லை.