ராஜதானிக்குப் போகும் சாலை

பாறசாலையிலும் அதை ஒட்டிய எல்லைக் கிராமங்களிலும் பிறந்தவர்களுக்கு ராஜதானி என்பது கதையில் மட்டும் கேட்டறியும் தூரதேசமாக ஒருநாளும் இருந்ததில்லை. நெய்யாற்றின்கரையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர், பாறசாலையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். விடியற்காலையில் குளித்து ஒரு சாயா குடித்துப் புறப்பட்டால் வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் திருவனந்தபுரத்தில் இறங்கிவிடலாம். ஆயினும், அந்நகருக்கு ஆயுள் முழுவதும் போய்வந்துகொண்டிருந்தும் அதை ஒருமுறைகூடக் கண்ணாரப் பார்க்காதவர்கள் எங்கள் பக்கத்தில் அநேகர். மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் கிடக்கும் உறவினருக்குக் கஞ்சி கொண்டுபோனவர்கள், பென்ஷன் மனுவோடு செக்ரட்டேரியட் வாசலில் காத்து நின்றவர்கள், வழக்கு நிமித்தம் வஞ்சியூர்க் கோர்ட்டுக்கு அலைந்தவர்கள், காரியம் முடிந்த மறுகணமே அடுத்த வண்டியைப் பிடித்துத் திரும்பியவர்கள் இவர்கள். ஊர் பார்ப்பது பணம் படைத்தவர்களின் காரியம் என்ற எண்ணம் எங்கள் மக்களின் மனத்தில் ஆழ வேரூன்றியிருக்கிறது. ஒரு ராஜ்யம் தன் பொதுஜனங்களுக்கென்று எதையெல்லாம் ஒதுக்கி வைத்திருக்கிறதோ அதைப் பார்ப்பதே ராஜதானியைப் பார்ப்பதில் தலையாய பகுதி என்றும், அதற்குப் பெரும்பொருள் தேவையில்லை என்றும் நான் உறுதியாக நம்புகிறவன். அந்த நம்பிக்கையின் பேரிலேயே இதை எழுதுகிறேன்.

யாத்திரையின் முதற்காட்சி பஸ்தான். 1938-ஆம் ஆண்டு பெப்ரவரி 20-ஆம் தேதி ஸ்ரீ சித்திரைத் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர் அரசாங்கப் போக்குவரத்தைத் தொடங்கிவைத்தபோது, லண்டனிலிருந்து வரவழைக்கப்பட்ட ஸால்ட்டர் துரையின் மேற்பார்வையில் சர்க்கார் பஸ் முதன்முதலாக ஓடத் தொடங்கிய தடம், தலைநகரிலிருந்து எங்கள் ஊர்களின் வழியாகக் கன்னியாகுமரியை நோக்கிச் செல்லும் இதே தடந்தான். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி ராஜ்யங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது விளவங்கோடு வரையிலான நான்கு தாலுக்காக்கள் சென்னை ராஜ்யத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை தாலுக்கா கேரளத்தில் நின்றது. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு மாநிலத்துக் குடியாகவும் தம்பி மற்றொரு மாநிலத்துக் குடியாகவும் ஆன அக்காலத்திலும், யானை முத்திரை தாங்கிய அந்த வண்டி மட்டும் களியக்காவிளைக்கு வந்துபோவதை நிறுத்தவில்லை. 1979-இல் ரயில் வந்தது. பாசஞ்சர் வண்டியில் பஸ்ஸைவிடச் செலவு குறைவு என்பதும் உண்மை. ஆயினும் பொழுது இருப்பவர் பஸ்ஸில் போவதையே நான் விரும்புவேன். வடக்கே போகும் காலைப் பிரயாணத்தில் இடப்பக்க ஜன்னலோரம் அமர்ந்தால் வெயில் முகத்தில் அடிக்காது. அமரவிளைப் பாலத்தில் நெய்யாறு நன்றாகத் தெரியும்.

நெய்யாற்றின்கரையில் இறங்கி ஸ்ரீகிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்திலுள்ள அம்மச்சிப் பிலாவைப் பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் ஏறலாம். எதிரிகள் துரத்தி வந்தபோது இளவரசராயிருந்த மார்த்தாண்டவர்மா ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் பலாமரத்தின் பொந்து அது. திருவிதாங்கூரை ஒரு பெரிய ராஜ்யமாக ஆக்கிய மன்னனின் உயிர் ஒரு சமயம் இவ்வளவு சிறிய இடத்துக்குள் அடங்கியிருந்தது என்று நினைத்துப் பார்க்கும்போது உடல் சிலிர்க்கும். பிறகு பாலராமபுரம், பாலராமவர்மா மகாராஜாவின் காலத்தில் தெற்கே தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட சாலியர்களின் ஊர். கசவு வைத்த வெள்ளைக் கைத்தறியால் மலையாள நாடு முழுவதும் பெயர்பெற்ற அவ்வூரைப் பற்றி எழுதத் தொடங்கினால் அது தனிக் கட்டுரையாகிவிடும்.

தம்பானூரில் இறங்கியதும் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும் இந்தியன் காப்பி ஹவுஸை உண்பதற்கு மட்டுமல்லாமல் பார்ப்பதற்காகவும் உள்ளே சென்று காணவேண்டும். செங்கல் நிறத்தில் உருளையாக எழும்பியிருக்கும் இக்கட்டடத்தை வகுத்தவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்து, இந்நகரிலேயே குடியேறி, ஏழைகளின் வீட்டுக்காகவே தம் கலையைச் செலவிட்ட மகான். உள்ளே மேலே போகப் படிக்கட்டுக் கிடையாது; தரையே சரிவாகச் சுழன்று சுழன்று ஏறுகிறது. வெளிச்சுவரை ஒட்டிக் கட்டடத்தோடு சேர்த்தே அமைத்த மேஜைகளும் இருக்கைகளும் ஒன்றைவிட மற்றொன்று சிறிது உயரத்தில் வரிசையாக ஏறிச்செல்கின்றன. சுவர் நெடுக விட்டிருக்கும் சிறு துவாரங்களின் வழியே காற்றும் வெளிச்சமும் தெருவின் ஓசையும் ஒருங்கே வந்துசேர்கின்றன. வெள்ளை உடுப்பும் விசிறி மடிப்புத் தலைப்பாகையும் அணிந்த பரிசாரகர்கள் பீட்ரூட் கலந்த மசால்தோசையை ஏந்திக்கொண்டு அச்சரிவில் தடுமாறாமல் ஏறியிறங்கும் லாவகத்தை நான் எத்தனை தடவை பார்த்தாலும் அலுப்பதில்லை. காப்பி போர்டு தன் கடைகளை மூடித் தொழிலாளிகளை வெளியே அனுப்பிய நாளில், ஏ. கே. கோபாலனின் ஊக்கத்தால் அத்தொழிலாளிகளே கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து நடத்தத் தொடங்கிய ஸ்தாபனம் இது. கூலிக்காரனும் கலெக்டரும் ஒரே விலைக்கு ஒரே காப்பியைக் குடிக்கும் இடமாக அது இன்றும் இருக்கிறது.

டென்மார்க்கில் செவிலியராக வேலை பார்க்கும் என் தமக்கை மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது அவளை இங்கே அழைத்து வந்தேன். சரிவில் பாதி ஏறியதும் நின்று, "மாமா, இதே மாதிரி வளைஞ்சு வளைஞ்சு ஏறுத ஒரு கோபுரம் அங்க உண்டு; அதுலயும் படி கிடையாது" என்றாள். கோபன்ஹேகனின் வட்டக் கோபுரத்தைத்தான் அவள் சொன்னாள். வானசாஸ்திர ஆராய்ச்சிக்கென்று எழுப்பப்பட்டு 1642-இல் பூர்த்தியான அக்கோபுரத்தின் சரிவில் ருஷியச் சக்கரவர்த்தி மகா பீட்டர் 1716-இல் குதிரைமேல் ஏறிச் சென்றார் என்பது பிரசித்தம். அதைக் கட்டுவித்த நான்காம் கிறிஸ்தியான் மன்னன் நமக்கு அந்நியனல்லன். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு தரங்கம்பாடியில் தன் வணிகர்களுக்கு இடம் பெற்றவன் அவன். நாயக்கர் அவனுக்குத் தங்க ஏட்டில் தமிழில் பொறித்து அனுப்பிய திருமுகம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

பூமியிலேயே விலைவாசி மிகுந்த நகரங்களில் டென்மார்க் முதலான வட ஐரோப்பிய நாடுகளின் தலைநகரங்களும் சேரும். ஓட்டலில் ஒருவேளை உண்பதற்கு ஆகும் பணம் நம் ஊரில் ஒரு குடும்பத்தின் பலநாள் செலவுக்குப் போதும் என்று என் மருமகள் சொன்னபோது, அப்படியானால் அங்கே எளியவர்கள் ஊர் பார்ப்பது எவ்வாறு என்று கேட்டேன். அவள் சொன்ன விவரங்களும் பின்னர் நான் படித்தறிந்தவையும் என்னைப் பெரிதும் சிந்திக்க வைத்தன. ஆஸ்லோவில் 2008-இல் திறந்த இசை நாடக அரங்கின் கூரையே வெண்சலவைக் கல் பாவிய சரிவாகக் கடலோரம் வரை இறங்குகிறது. டிக்கெட் வாங்கி உள்ளே செல்ல வசதியில்லாதவரும் அதன் உச்சிவரை நடந்து ஏறலாம், தடுப்பவர் இல்லை. அதே நகரில் விகெலாந்து என்னும் சிற்பி தம் வாழ்நாளின் உழைப்பாக வைத்துச் சென்ற இருநூற்றுக்கு மேற்பட்ட சிலைகள் நிற்கும் பூங்காவுக்கு இரவும் பகலும் கதவடைப்பும் இல்லை, கட்டணமும் இல்லை. ஹெல்சிங்கியில் 1748-இல் கட்டத் தொடங்கிய கடற்கோட்டைத் தீவுக்கு, நகரத்து டிராமுக்கு வாங்கும் அதே டிக்கெட்டில் படகேறிப் போகலாம். நாடாளுமன்றக் கட்டடத்துக்கு எதிரிலேயே 2018-இல் அந்நகரம் ஒரு பெரிய பொது நூலகத்தைத் திறந்து, குளிரில் வந்தவர் எவராயினும் நாள் முழுதும் அமர்ந்திருக்க இடம் கொடுத்திருக்கிறது. குழாய்த் தண்ணீரையே எல்லாரும் குடிக்கிறார்கள். ரொட்டியையும் பாலாடைக் கட்டியையும் காகிதத்தில் பொதிந்து கையோடு கொண்டுபோய்ப் பூங்காவில் உண்பது அங்கே செல்வர்க்கும் வழக்கம்.

இவற்றைக் கேட்டபின் நம் ராஜதானியை நான் புதிய கண்ணோடு பார்க்கலானேன். ஹெல்சிங்கியின் நூலகத்துக்கு நூற்றெண்பது ஆண்டுகளுக்கும் முன்பே, 1829-இல், திருவனந்தபுரத்தில் ஒரு நூலகம் தோன்றி, இந்தியாவின் ஆதிப் பொது நூலகங்களுள் ஒன்றாக இன்றும் நடந்துவருகிறது. கிறிஸ்தியான் மன்னனின் கோபுரத்தைப் போலவே நட்சத்திரங்களைப் பார்ப்பதற்கென்று சுவாதித் திருநாள் மகாராஜா 1837-இல் ஒரு வானாராய்ச்சி நிலையத்தை ஸ்தாபித்து, ஆலப்புழையில் வர்த்தக ஏஜண்டாயிருந்த கால்டிகாட் என்பவரை அதற்குத் தலைவராக்கினார். இந்நகரம் தலைநகரானதே 1795-இல்தான்; அதுவரை பத்மநாபபுரமே ராஜதானி. இவ்வளவு குறுகிய காலத்தில் இத்தனை பொதுக் காரியங்கள் நடந்தேறியது சாமான்யமன்று.

கிழக்கேக்கோட்டையில் பத்மநாபசுவாமியைத் தரிசிக்க ஆண்கள் வேட்டி உடுத்து, மேலாடையின்றிச் செல்லவேண்டும். கால்சட்டையோடு வருகிற வெளியூர்க்காரர்கள் வேட்டியை வாடகைக்கு எடுக்கிறார்கள். எங்கள் கிராமத்துப் பெரியவர்கள் உடுத்து வந்த வேட்டியோடே உள்ளே போய்விடுவார்கள். அனந்தசயனத்தின் நீண்ட திருமேனியை மூன்று வாசல்களின் வழியே மூன்று பகுதிகளாகக் கண்டு வெளியே வந்து, பத்மதீர்த்தக் கரையில் நின்று மேத்தன் மணியை அண்ணாந்து பார்க்கலாம். தாடி வைத்த ஒரு முகம், அதன் இருபுறமும் இரண்டு ஆட்டுக்கடாக்கள். மணியடிக்கும் நேரத்தில் அம்முகம் வாய்திறக்க, கடாக்கள் இரண்டும் கன்னத்தில் வந்து முட்டும்படி அமைத்த பழைய யந்திரம். அதன் கீழே குழந்தைகள் நேரம் வரும்வரை நகரமாட்டார்கள்.

அங்கிருந்து நாலெட்டில் சாலைக் கடைத்தெரு. தமிழ் வியாபாரிகளின் குரலும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் அத்தெருவில் கடை நடத்திக்கொண்டே அத்தெருவின் மனிதர்களை எழுதியவர் ஆ. மாதவன், பாத்திரக் கடைக்கும் பலசரக்குக் கடைக்கும் இடையில் ஒருவர் இலக்கியம் படைத்தார் என்பதே எனக்கு அத்தெருவை ஒரு க்ஷேத்திரமாக ஆக்கிவிட்டது. தமிழ் வாசகர் எவரும் அங்கே ஒருமணி நேரமாவது நடக்கவேண்டும். மல்லியும் மஞ்சளும் வாங்கி வந்தால் வீட்டுக்கும் ஆயிற்று.

வடக்கே நடந்தால் ஸ்டாச்யூ. அச்சந்திப்பில் சிலையாக நிற்பவர் கும்பகோணத்தில் பிறந்து இங்கே திவானாக விளங்கிய ஸர் டி. மாதவராவ், எதிரே நிற்கும் செக்ரட்டேரியட் மாளிகை அவர் திவானாயிருந்த காலத்தில் 1869-இல் முற்றுப்பெற்றது. மனுவோடு வந்து நின்ற எங்கள் ஊரார் அவரைத் திரும்பிப் பார்த்திருப்பார்களோ என்னவோ. இன்னும் வடக்கே மியூசியம் தோட்டம். சென்னையில் செனட் மாளிகையை எழுப்பிய சிஸம் துரையே இங்கும் 1880-இல் முடிந்த நேப்பியர் மியூசியத்தை வகுத்தார். ஆயினும் சென்னையில் செய்ததைத் திரும்பச் செய்யாமல், மலையாளத்துக் கோயில் கூரைகளின் கூர்மையையும் மரவேலையையும் எடுத்துக்கொண்டு, வெயிலின் வெக்கை உள்ளே புகாதபடி காற்றோட்டத்தைப் பொருத்தினார். கட்டடத்தினுள் செல்லவும், பக்கத்திலுள்ள மிருகசாலைக்கும் ரவிவர்மா சித்திரங்களுக்கும் சிறு கட்டணம் உண்டு. வெளியே விரிந்து கிடக்கும் மரநிழலுக்குக் கட்டணமில்லை. திங்கட்கிழமை மட்டும் போகக்கூடாது, விடுமுறை.

அந்த நிழலில் பொதிச்சோற்றைப் பிரிப்பதே நாளின் சுகமான நேரம். தணலில் வாட்டிய வாழையிலையில் சோறும், தேங்காய்ச் சம்மந்தியும், மாங்காய் ஊறுகாயும், மரச்சீனித் துண்டும் காலையிலிருந்து ஒன்றோடொன்று ஊறி வரும் மணம் எந்த ஓட்டலிலும் விலைக்குக் கிடைக்காது. இந்த இடத்தில் அதிகாரிகளிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. பொது இடங்களைப் புதுப்பிக்கிறோம் என்று சொல்லி இருக்கைகளை எடுத்துவிட்டுக் கடைகளை வைக்கும் பழக்கம் எல்லா நகரங்களிலும் பரவி வருகிறது. உட்கார ஒரு பெஞ்சு, குடிக்க நல்ல வெள்ளம், பெண்கள் அச்சமின்றிப் போகத்தக்க கழிப்பிடம் ஆகிய மூன்றும் இலவசமாக இருக்குமானால் எங்கள் கிராமத்துத் தாய்மார்கள் குழந்தைகளோடு வந்து நாள் முழுவதும் தங்குவார்கள். இல்லையேல் மியூசியத்தின் கட்டணத்தை அடியோடு தள்ளிக் கொடுத்தாலும் வரமாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ராஜதானிக்குப் போக உகந்த காலம் நவராத்திரி. தலைநகரம் மாறியபின் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் பவனியாகப் புறப்பட்டு, குழித்துறையில் ஓர் இரவும் நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயிலில் ஓர் இரவும் தங்கி, எங்கள் சாலை வழியாகவே திருவனந்தபுரம் சேருகிறார்கள். இரு மாநிலப் போலீசாரும் எல்லையில் நின்று மரியாதை செய்ய, விளக்கேற்றி வைத்த வாசல்களின் முன் அப்பவனி வரும்போது, ராஜதானியே எங்கள் ஊருக்கு வந்ததுபோல் இருக்கும். கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் சரஸ்வதியின் சந்நிதியில், எண்ணெய் விளக்கொளியில், நாதம் நன்றாகப் பரவவேண்டும் என்று கூரையில் கவிழ்த்துத் தொங்கவிட்ட மண்பானைகளின் கீழே, ஒன்பது மாலைகளிலும் சுவாதித் திருநாளின் கிருதிகள் பாடப்படுகின்றன. டிக்கெட் கிடையாது, தரையில் அமர்ந்து கேட்கவேண்டியதுதான். தலைமுறை தலைமுறையாக ஆண்களே பாடிவந்த அம்மண்டபத்தில் 2006-இல் முதன்முதலாகப் பாடிய பெண், பாறசாலை பி. பொன்னம்மாள். திருவனந்தபுரத்தில் 1939-இல் தொடங்கிய சங்கீத அகாதமியில் சேர்ந்த முதல் மாணவியும் அவரே. அங்கேயே ஆசிரியையாகி, திருப்பூணித்துறைக் கல்லூரியில் முதல்வராகவும் இருந்து, எண்பதைக் கடந்த வயதில் அந்த மண்டபத்தின் தரையில் அமர்ந்து பாடி, 2021-இல் காலமானார். எங்கள் எல்லைக் கிராமத்தின் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டு ஓர் அம்மையார் அந்தச் சந்நிதிக்குள் நுழைந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் நிறைகிறது. பாறசாலையிலும் களியக்காவிளையிலும் அம்மண்டபத்தை இன்னும் பாராத பெண்கள் வருகிற நவராத்திரிக்கு அவசியம் போகவேண்டும். மாலை ஆறு மணிக்குள் போய் அமர்வது நல்லது. கச்சேரி முடிந்தபின் வண்டி கிடைக்குமோ என்ற அச்சம் வேண்டாம், நாகர்கோவில் பஸ்கள் தம்பானூரிலிருந்து இரவிலும் ஓடுகின்றன.