சொல்லத் தெரியாத வலி

கெடில நதிக்கரையிலுள்ள எங்கள் திருவதிகையில் சூலை நோயைப் பற்றிக் கேள்விப்படாத பிள்ளைகள் இல்லை. ஏழாம் நூற்றாண்டில் திருநாவுக்கரசர் வயிற்றை முறுக்கிய அந்நோயால் துடித்துத் தம் தமக்கை திலகவதியாரிடம் வந்ததையும், வீரட்டானத்தில் பாடி நலம் பெற்றதையும் பெரியபுராணம் கூறுகிறது. அவருக்கு வலியைச் சொல்ல மொழி இருந்தது. மொழியறியாத பச்சிளங் குழந்தைக்குக் குடல் நோய் வந்தால் அது யாரிடம் சொல்லும்?

சென்ற ஆண்டு என் சித்திக்கு எட்டாம் மாதத்திலேயே ஆண் குழந்தை பிறந்தது. எடை 1,400 கிராம்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த தம்பியின் வயிற்றை நர்ஸ் அக்கா நாடாவால் அடிக்கடி அளந்து குறித்துக்கொண்டார்.

“எதற்கு அக்கா?” என்று கேட்டேன்.

“குறைமாதக் குழந்தைகளுக்குச் சில சமயம் குடல் அழுகத் தொடங்கிவிடும் பாப்பா. வயிறு உப்புகிறதா, பச்சையாக வாந்தி வருகிறதா, மலத்தில் இரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்” என்றார்.

அந்நோய்க்கு ‘நெக்ரோடைசிங் என்டிரோகோலைடிஸ்’ என்று பெயர். இந்த அறிகுறிகள் வெளியே தெரியும்போது குடல் ஏற்கெனவே புண்பட்டிருக்கும். சில குழந்தைகளைக் காப்பாற்ற அறுவைச் சிகிச்சையே தேவைப்படும். சிலர் இறந்தும் போவார்கள்.

என் தந்தையார் நெய்வேலிச் சுரங்கத்தில் பணிபுரிகிறார். அங்கே பழுப்பு நிலக்கரிக்கு அடியில் மிகுந்த அழுத்தத்துடன் நிலத்தடி நீர் இருக்கிறது. அது பீறிட்டு எழும்வரை காத்திருப்பதில்லை; முன்னதாகவே நீரை இறைத்து அழுத்தத்தைத் தணிக்கிறார்கள். குடலின் ஆபத்தையும் அப்படி முன்கூட்டியே அறிய முடியாதா?

விஞ்ஞானிகள் அதற்குத்தான் முயல்கிறார்கள். குடலின் உட்சுவர் உயிரணுக்கள் சிதைந்தால் ‘ஐ-எஃப்ஏபிபி’ என்ற புரதம் இரத்தத்தில் கசிந்து, சிறுநீரிலும் தென்படுகிறது. குடல் அழற்சி கண்டால் மலத்தில் ‘கால்புரோடெக்டின்’ பெருகுகிறது. நோய்க்கு முன்பே மலத்திலுள்ள நுண்ணுயிர்களின் கூட்டம் மாறுவதை 2016-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஊசி குத்தாமல், ஈரத்துணியிலிருந்தே சேதி கிடைக்கிறது! ஆனால் நலமான சிசுக்களிடமும் கால்புரோடெக்டின் மிகுதியாக இருப்பதுண்டு. எது ஆபத்தான அளவு என்று கோடு கிழிப்பது கடினம். தனியாக நம்பத்தக்க ஒரே சோதனை இன்னும் கிடைக்கவில்லை.

தடுக்கும் வழியோ நம்மிடமே உள்ளது. புட்டிப்பால் மாவு மட்டுமே பெற்ற குறைமாதக் குழந்தைகளுக்கு, தாய்ப்பால் மட்டுமே பெற்றவர்களைவிட இந்நோய் 6 முதல் 10 மடங்கு அதிகம் என்று 1990-இல் இங்கிலாந்து ஆய்வொன்று கண்டது. அதற்கு முந்தைய ஆண்டே டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் மும்பை சயான் மருத்துவமனையில் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கியிருந்தார். நமக்கு அருகிலுள்ள புதுவை ஜிப்மரிலும் தாய்ப்பால் வங்கி உண்டு. என் சித்தியும் பாலைப் பீய்ச்சி, குழாய் வழியே சொட்டுச் சொட்டாகக் கொடுக்கச் செய்தார். தம்பி இப்போது தவழ்கிறான்.

அன்புத் தோழியரே! நம்முள் சிலர் நாளை மருத்துவராவோம், சிலர் செவிலியராவோம், பலர் தாயாவோம். பேசத் தெரியாதவரின் வலியைக் கேட்கக் கற்பதும் கல்விதான். அந்த நம்பத்தக்க சோதனையை நம் பள்ளி மாணவி ஒருத்தி கண்டுபிடிக்கட்டுமே!