ஆபத்துக்கு வைத்த தண்ணீர்

மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர, ஆறென்று சொல்லத்தக்க ஒன்று யாழ்ப்பாணத்தில் இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழை, சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. அளவறிந்து அள்ளினால் நன்னீர். அளவு மீறி இறைத்தால் உவர்நீர். பள்ளிக்கூடம் செல்லாத எங்கள் பாட்டன்மாரும் இவ்வுண்மையை அறிந்திருந்தனர். குளித்த நீர் வாழைக்குப் போகும். பாத்திரம் கழுவிய நீர் கறிவேப்பிலைக்குப் போகும். தண்ணீரைச் சும்மா விட்டுவைப்பது எம்மவர் இயல்பன்று. அத்தகைய ஊரிலே, "ஒரு நாளும் இதனைப் பயன்படுத்த நேரக்கூடாது" என்று வேண்டிக்கொண்டே பல்லாயிரம் லீற்றர் தண்ணீரைச் சேர்த்துவைக்க வேண்டிய காலம் இப்போது வந்திருக்கிறது.

நான் பிறந்து வளர்ந்த வீடு கிடுகு வேய்ந்த மண்வீடு. வளவைச் சுற்றிக் கிடுகுவேலி. பங்குனி, சித்திரை மாதங்களில் எங்காவது ஒரு குசினியில் எழுந்த பொறி, வேலி வழியே நான்கு வளவுகளைத் தாண்டிவிடும். "நெருப்பு!" என்ற குரல் கேட்டதும் ஊர் முழுவதும் ஓடிவரும். சிலர் கொக்கைத்தடியால் எரியும் கூரையைப் பிடுங்கி வீழ்த்துவர். சிலர் அயல்வீட்டுக் கூரையில் ஏறி நனைந்த சாக்குகளை விரிப்பர். பெண்கள் கிணற்றிலிருந்து வாளியைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்புவர். கூரை ஏணிக்கு எட்டும் உயரம். கிணறு கூப்பிடு தூரம். ஆட்கள் இருந்தால் தண்ணீரும் இருந்தது.

மாடி வீட்டின் நிலை அதுவன்று. தண்ணீரை மேலே ஏற்றுவது எவ்வளவு பெரிய உழைப்பு என்பதைத் துலா மிதித்தவர்கள் அறிவார்கள். இளமையில் நானும் மிதித்திருக்கிறேன். மேலே ஒருவரோ இருவரோ துலாவில் முன்னும் பின்னும் நடக்க, கீழே ஒருவர் பட்டையைப் பிடித்து நீரை வாய்க்காலில் ஊற்றுவார். இரண்டு பாகம் ஆழமான கிணற்றுக்கும் நான்கு பாகம் ஆழமான கிணற்றுக்கும் உள்ள வேறுபாட்டை மாலையில் முழங்கால் சொல்லும். இயந்திரத்துக்கும் இதே நியாயந்தான். 10 மீற்றர் உயரம் ஏறும்போது நீர் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்தை இழந்துவிடுகிறது. ஏறினால் மட்டும் போதாது. குழாய்முனையிலிருந்து பாய்ந்து தீயைத் தாக்கும் வேகமும் அதற்கு மிஞ்சியிருக்க வேண்டும்.

ஆகவே உயர்ந்த கட்டடங்களில், தீயணைப்பதற்கென்றே அடியிலிருந்து உச்சிவரை ஒரு தனிக்குழாய் நிறுத்தப்படுகிறது. ஒவ்வொரு மாடியிலும் அதற்கொரு வாய் உண்டு. சில கட்டடங்களில் அக்குழாய் வெறுமையாக நிற்கும். தீயணைப்புப் படையினர் வந்து, வெளிப்புறத்தில் உள்ள வாயிலே தங்கள் வண்டியைப் பொருத்தி நீரேற்றுவர். வேறு சிலவற்றில் எப்போதும் நீர் நிறைந்திருக்கும்; அழுத்தம் குறையாமல் ஒரு சிறிய பம்பி காவல் புரியும். அழுத்தம் திடீரென வீழ்ந்தால் பெரிய பம்பி தானே இயங்கும். தீ விபத்தில் முதலில் போவது மின்சாரமாகையால், டீசலில் இயங்கும் மற்றொரு பம்பியும் அருகில் இருக்கும்.

என் மகளோடு நானும் என் தமக்கையாரும் இப்போது வசிப்பது நகரிலுள்ள 6 மாடித் தொடர்மாடி ஒன்றில். அக்காவுக்கு வயது 84. நான்காம் மாடியில் படுக்கையாக இருக்கிறார். தீ எழும் வேளையில் மின்னுயர்த்தியைப் பயன்படுத்தலாகாது. அவரைத் தூக்கிக்கொண்டு படியிறங்க நான்கு பேரும் சிறிது நேரமும் வேண்டும்.

எங்கள் கட்டடத்தின் நிலத்தடித் தாங்கியில் ஒரு நுட்பமான ஏற்பாடு உண்டு. வீடுகளுக்கு நீர் எடுக்கும் குழாயின் வாய் சற்று மேலேயும், தீயணைக்கும் பம்பியின் குழாய்வாய் அடித்தளத்திலும் இருக்கின்றன. வீட்டுப் பாவனைக்கு எவ்வளவு இறைத்தாலும் அடியிலுள்ள 20,000 லீற்றர் குறையாது. யாரும் காவல் காக்கத் தேவையில்லை. குழாயின் உயரமே காவல்.

சென்ற ஆவணியில் கிணற்றுநீர் உவரத் தொடங்கிற்று. தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024ஆம் ஆண்டு திறக்கப்பட்டிருப்பினும், எங்கள் கட்டடம் இன்னும் கிணற்றையும் பவுசர் வண்டியையுமே நம்பியிருக்கிறது. குடியிருப்பாளர் கூட்டத்தில் இளைஞர் ஒருவர் எழுந்து, "ஐயா, 20,000 லீற்றர் தண்ணீர் அடியிலே சும்மா கிடக்கிறது. குழந்தையைக் குளிப்பாட்டத் தண்ணீரில்லை. குழாயை மூன்றடி இறக்கினால் என்ன?" என்றார். அவர் வீட்டில் ஆறு மாதக் குழந்தை இருப்பதை நான் அறிவேன். அவர் கேட்டதில் அநியாயம் ஒன்றுமில்லை; பலர் தலையசைத்தனர்.

நான் சொன்னது இதுதான்: "தம்பி, பஞ்சம் வந்த ஆண்டிலும் எங்கள் வீட்டில் விதைநெல்லைக் குத்திச் சமைத்ததில்லை. பசியோடு படுத்தோம், குதிரைத் திறக்கவில்லை. தீயணைப்புப் படையினர் பிடிக்கும் பெருங்குழாய் ஒன்று நிமிடத்துக்கு 500 லீற்றர் இறைக்கும். 20,000 லீற்றர் என்றால் 40 நிமிடம். அந்த 40 நிமிடத்தில்தான் என் அக்காவும் உங்கள் குழந்தையும் கீழே வரவேண்டும்."

உயர்ந்த கட்டடம் கொங்கிறீற்றால் ஆனது, எரியாது என்று எண்ணுவோர் உளர். கொங்கிறீற்று எரியாது; உள்ளே உள்ளவை எரியும். 1959ஆம் ஆண்டு சென்னையில் திறக்கப்பட்டு, அக்காலத்தில் இந்தியாவிலேயே மிக உயர்ந்ததாய் விளங்கிய எல்.ஐ.சி. கட்டடம் 1975ஆம் ஆண்டு யூலையில் தீப்பற்றியது. அதே 1959இல் திறக்கப்பட்ட எங்கள் பொது நூலகத்தை எண்ணாமல் யாழ்ப்பாணத்தவன் தீயைப்பற்றி எழுதவும் முடியாது. 1981 மே 31ஆம் திகதி இரவு அது தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அது மனிதர் வைத்த தீ. குழாயின் குறைவால் நேர்ந்ததன்று. ஆயினும், பல்லாண்டு தேடியது ஓரிரவில் சாம்பராகும் என்பதை நாம் கண்ணாற் கண்டவர்கள்.

நீரைச் சேர்த்துவைப்பதோடு கடமை முடிந்துவிடுவதுமில்லை. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 'ஒன் மெரிடியன் பிளாசா' என்னும் 38 மாடிக் கட்டடம் 1991 பெப்ரவரி 23ஆம் திகதி 22ஆம் மாடியில் தீப்பற்றியது. குழாய் இருந்தது. ஆனால் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வுகள் அளவுக்கு மேல் இறுக்கி அமைக்கப்பட்டிருந்தமையால், வீரர்களின் கைக்கு வலுவற்ற நீரே வந்தது. மூன்று தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தனர். எட்டு மாடிகளை எரித்துக்கொண்டு ஏறிய தீயை இறுதியில் 30ஆம் மாடியில் நிறுத்தியவை, கூரையில் பொருத்தப்பட்டிருந்த தானியங்கி நீர்தெளிப்பான்கள் பத்து மட்டுமே.

இதனையும் கூட்டத்திற் சொன்னேன். "அப்படியானால் எங்கள் பம்பி வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுவோம்" என்று எழுந்தவர் அதே இளைஞர்தான். எல்லோரும் கீழே இறங்கினோம். மின்பம்பி இயங்கிற்று. டீசல் பம்பி அசையவில்லை. அதன் பற்றறி செத்து எத்தனை காலமோ! மூன்றாம் மாடியில் குழாய்ச் சுருள் இருக்கவேண்டிய பெட்டிக்குள் விளக்குமாறும் பழைய பெயின்ற் வாளிகளும் இருந்தன. கூட்டத்தில் அதன்பின் யாரும் குழாயை இறக்குவதைப்பற்றிப் பேசவில்லை. காலையில் ஒன்றரை மணி, மாலையில் ஒன்றரை மணி நேரமே வீடுகளுக்கு நீர் விடுவதென்றும், கைக்குழந்தையும் நோயாளரும் உள்ள வீடுகளுக்கு மேலதிகமாக ஆறு வாளி கொடுப்பதென்றும் முடிவாயிற்று. கார்த்திகை மழை வரும்வரை சிரமப்பட்டோம், உண்மைதான்.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை அந்த இளைஞர் இரு பம்பிகளையும் இயக்கிப் பார்க்கிறார். சத்தம் கேட்டால், "துலா மிதிக்கிறார்களோ?" என்று அக்கா கேட்பார், "ஓம்" என்பேன்.

மாடி வீட்டில் வாழும் அன்பர்கள் இன்று தங்கள் கட்டடப் பொறுப்பாளரிடம் மூன்று கேள்விகள் கேட்பார்களாக: தீக்கென்று வைத்த நீர் எவ்வளவு? பம்பியைக் கடைசியாக இயக்கிப் பார்த்தது எப்போது? குழாய்ப் பெட்டிக்குள் இருப்பது குழாய்தானா? கேட்பதற்குச் செலவு ஒன்றுமில்லை. விடை வரச் சுணங்கினால், தாமே படியிறங்கிச் சென்று பார்த்துவிடுவது நன்று.