ஏன் எண்டு கேட்கிற பிள்ளை

எங்கட பட்ச்சில ஒருத்தருக்கும் இன்னும் பிள்ளை இல்லை. ஆனாலும் பிள்ளை வளர்க்கிற விதம் எங்களுக்குள்ள எப்பவோ வந்திட்டுது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிற தம்பி, தங்கச்சியோட ஒரு பின்னேரம் இருந்தால் அது தெரியும்.

1966இல் டயானா பௌம்ரிண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் பிள்ளை வளர்ப்பை மூன்றாகப் பிரித்தார்: அடக்கி வளர்ப்பது, கண்டிப்போடு காரணமும் சொல்லி வளர்ப்பது, விட்ட போக்கில் விடுவது. எங்கட வீடுகளில மூன்றும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கும். அம்மா அடக்குவா, அப்பா காரணம் சொல்லுவார், அம்மம்மா ஒளிச்சு ஐஸ்கிறீம் வாங்கிக் குடுப்பா.

அப்ப நாங்கள் எந்த வகை? "ஏன் அக்கா வெட்டுப்புள்ளிக்கு மேல எடுக்கோணும்?" எண்டு 10 வயசுப் பிள்ளை கேட்கேக்க எங்கட வாயில முதல் வாற பதில்தான் அதைக் காட்டும். "சொன்னதைச் செய்" எண்டு வந்தால், அது எங்களை வளர்த்தவையின்ர குரல்.

கண்டிப்பு பிழையில்லை. படிக்கிற நேரம் படிக்கத்தான் வேணும். ஆனால் கேட்கிற பிள்ளைக்குக் காரணம் சொல்லோணும்: "பெரிய பள்ளிக்கூடத்துக்கு மாறலாம், உதவிப்பணமும் கிடைக்கலாம். கிடைக்காட்டிலும் நீ எங்கட பிள்ளைதான்."

அந்தக் கடைசி வசனம் எங்களில கனபேர் அந்த வயசில கேளாதது. இப்பவே அதைச் சொல்லிப் பழகுறம்.