போயிடலாம் சார்... வர்றதுதான்!

மழைக்காலத்தில் சென்னையில் கொடுத்து வைத்தவர்கள் யார் என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்: எல்.கே.ஜி. படிக்கிறவர்கள்!

ராத்திரி அவர்கள் தூங்கப் போகும்போதே கலெக்டர் அவர்களைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்திருப்பார். விடிந்ததும் டி.வி.யில் 'பள்ளிகளுக்கு விடுமுறை' என்று கீழே ஓடும். ஒரு காலத்தில் வானிலை மையத்து ரமணன் திரையில் வந்தாலே வீட்டுக்கு வீடு கைதட்டல்தான். 2016-ல் அவர் ரிடையரானபோது நிஜமாகவே வருத்தப்பட்டது பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் என்று நினைக்கிறேன்.

அதே வீட்டில், அதே மழையில், அந்த எல்.கே.ஜி.யின் அப்பா லுங்கியோடு பால்கனியில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவரைப் பற்றி யாரும் அறிவிப்பு விடுவதில்லை. படிக்கிறவன் மேல் பெய்கிற மழை சம்பாதிக்கிறவன் மேல் பெய்யாது போலிருக்கிறது.

அவருக்கு வருவதெல்லாம் ஆபீஸிலிருந்து ஒரு மெசேஜ். 'கனமழை காரணமாக ஊழியர்கள் அவரவர் சூழ்நிலைக்கேற்ப முடிவெடுத்துக்கொள்ளவும்.' நான் பார்த்த மூன்று கம்பெனிகளிலும் இதே வாசகம்தான். இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக எந்த வக்கீலும் எழுத முடியாது சார்! வந்தால் உங்கள் கடமை உணர்ச்சி. வராவிட்டால் உங்கள் லீவு. வருகிற வழியில் மூடியில்லாத மழைநீர்க் கால்வாயில் விழுந்தால்? அது உங்கள் சூழ்நிலை.

மெசேஜ் வந்ததும் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மயான அமைதி நிலவும் பாருங்கள்! யாரும் முதலில் வாயைத் திறக்க மாட்டார்கள். மற்றவன் என்ன சொல்கிறான் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஏழரை மணிக்கு ஒரு புண்ணியவான் 'கிளம்பிட்டேன்' என்று போடுவான். (அவன் வீடு ஆபீஸுக்குப் பின்தெருவில் இருக்கும்.) அவ்வளவுதான், மாதவரத்திலிருந்தும் மறைமலை நகரிலிருந்தும் வர வேண்டியவர்களுக்கு வயிற்றைக் கலக்கிவிடும்.

நான் பி.காம். எதையும் பற்று, வரவு என்று எழுதிப் பார்த்தால்தான் மனசு ஆறும். சம்பளம் 18,000 வாங்கிய காலத்தில் இப்படி ஒரு கணக்குப் போட்டேன். லீவு போட்டால் 600 ரூபாய் நஷ்டம். போனால்? ரயில் இல்லாத நாளில் ஆட்டோ 400. ஷூ ஒன்று போயே போச்சு. நனைந்த செல்போனுக்கு வைத்தியம் 800. காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்தால் அது தனிக்கணக்கு. எப்படிக் கூட்டினாலும் வீட்டில் இருப்பதுதான் லாபம். ஆனாலும் போனேன். நம்மில் பாதிப் பேர் போவது 600 ரூபாய்க்காக இல்லை. மறுநாள் மேனேஜர் "என்னப்பா, உன் ஏரியாவில் மட்டும்தான் மழையா?" என்று கேட்பாரே, அந்த ஒரு வரிக்குத்தான்.

ஆனால் இந்தக் கணக்கு எல்லாவற்றிலும் ஒரு பதிவு விட்டுப்போகிறது. காலையில் நாம் போடுவது காலைக் கணக்கு. மழையோ சாயங்காலத்துக் கணக்கு வைத்திருக்கிறது.

டி.வி.யில் 'தாம்பரத்தில் இத்தனை சென்டிமீட்டர்' என்று சொல்கிறார்களே, அது காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்து மழை. அதாவது, நீங்கள் செருப்பு மாட்டுகிற நேரத்தில் கையில் இருப்பது நேற்றைய ஸ்டேட்மென்ட்! 21 சென்டிமீட்டரைத் தொட்டால் அதி கனமழை. அதைச் சமாளிக்கவே ரெட் அலர்ட் என்கிறார்கள். ஆனால் விழுந்த தண்ணீர் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்காது. மேற்கே ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பி, வழிந்து, அடையாற்றுக்கு வந்து சேர நேரமாகும். காலையில் கணுக்கால் அளவு இருந்த தெரு, மழை நின்ற பிறகும் ராத்திரி இடுப்பளவு ஆவது இப்படித்தான்.

2015 டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. குரோம்பேட்டையில் எங்கள் வீடு, கிண்டியில் ஆபீஸ். ஆறாவது ஸ்டேஷன். காலையிலேயே மழைதான். ஆனால் நவம்பர் பூராவும் அப்படித்தான் இருந்தது. தீபாவளி லீவும் மழை லீவும் சேர்ந்து என் கணக்கில் கேஷுவல் லீவு பாக்கி பூஜ்யம். அதுவும் போக, அன்றைக்கு ஒண்ணாம் தேதி. 62 பேருடைய சம்பள ஷீட்டில் முதலாளியிடம் கையெழுத்து வாங்கி, பேங்க்கில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவன் நான். போகாமல் இருப்பது எப்படி? போனேன். எலெக்ட்ரிக் ட்ரெயின் ஒழுங்காக ஓடியது. பன்னிரண்டு மணிக்கு ஷீட்டைக் கொடுத்துவிட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

நாலு மணிக்கு மேல் வானம் பொத்துக்கொண்டது. ஸ்டேஷனுக்குப் போய் இரண்டு மணி நேரம் நின்றேன். நான் நின்றவரை ரயில் வரவில்லை. ரோட்டில் பஸ்கள் வரிசையாக நின்றன, நகரவில்லை. முழங்கால் தண்ணீரில் திரும்பவும் ஆபீஸுக்கே வந்தேன். எட்டு மணி வாக்கில் செல்போனில் சிக்னல் போனது. வீட்டில் அப்பாவும் அம்மாவும் இரண்டே பேர், தரைத்தளம்.

அன்று இரவுதான் செம்பரம்பாக்கத்தில் விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிட்டார்கள். தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்து தீர்த்தது. அதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், மூன்றாவது மாடியில் நானும், கீழே வாட்ச்மேனும்.

வாட்ச்மேன் செய்யாறு பக்கத்துக்காரர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மேலே கூப்பிட்டு, மத்தியானம் மிச்சம் வைத்திருந்த எலுமிச்சை சாதத்தில் பாதியைக் கொடுத்தேன். அவரிடம் நாலு பொரை பிஸ்கட் இருந்தது. அதுதான் டின்னர்.

"ஏண்ணே, மழை இப்படி வரும்னு தெரிஞ்சும் டூட்டிக்கு வந்தீங்களா?" என்று கேட்டேன்.

"நீங்க வரலாமா வேணாமான்னு யோசிப்பீங்க தம்பி. எனக்குப் போலாமா வேணாமாங்கறதுதான் யோசனை. நைட்டு ஆளு வந்தாத்தான் நான் கிளம்ப முடியும். பூட்டிட்டுப் போயிட்டா, திரும்பி வர்றப்ப கேட் இருக்கும். எனக்கு வேலை இருக்காது."

நைட்டு ஆள் முடிச்சூரில் குடியிருந்தவர். அவர் வீட்டுக்குள்ளேயே தண்ணீர். அவர் எங்கே வருவார்? செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு டூட்டி ஏறிய மனுஷன் வியாழக்கிழமை மத்தியானம்தான் இறங்கினார். அவருக்கு யாரும் மெசேஜ் அனுப்பவில்லை. சூழ்நிலைக்கேற்ப முடிவெடுக்க அவருக்குச் சூழ்நிலையே கிடையாது.

அன்றைக்குத் தோற்றது நாங்கள் மட்டுமில்லை. சென்னையில் 'தி இந்து' ஆங்கிலப் பத்திரிகை மறுநாள் அச்சாகவில்லை. 1878-லிருந்து அப்படி நடந்ததே இல்லையாம். காரணம் என்ன தெரியுமா? மறைமலை நகரில் இருந்த அச்சகத்துக்குத் தொழிலாளர்கள் போய்ச் சேர முடியவில்லை! நூற்று முப்பத்தேழு வருஷத்துப் பத்திரிகையே 'இன்று வரமுடியாது' என்று லெட்டர் கொடுத்துவிட்ட பிறகு நாமெல்லாம் எம்மாத்திரம்!

புதன்கிழமை ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்து நடந்தேன். விமான நிலையம் வாசலைத் தாண்டும்போது சத்தமே இல்லை. உள்ளே ரன்வேயில் தண்ணீர் என்றார்கள். மூன்றரை மணி நேரம் கழித்து வீட்டுக்குப் போனால், கட்டில் கால் முழுகியிருந்தது. அப்பாவையும் அம்மாவையும் மாடி வீட்டுக்காரர்கள் நடுராத்திரியே மேலே அழைத்துப் போயிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை. அப்பா ரிடையர்டு ஹெட் கிளார்க். கொஞ்ச நேரம் என்னையே உற்றுப் பார்த்துவிட்டு, "ஷீட் கொடுத்துட்டியா? கிரெடிட் ஆயிடுச்சா?" என்றார்.

ஆகியிருந்தது. 62 பேருக்கும் ஆகியிருந்தது. எடுக்கத்தான் எங்கள் பக்கத்தில் ஒரு ஏ.டி.எம்.மும் வேலை செய்யவில்லை!

அதற்குப் பிறகு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். 2023 டிசம்பர் 4-ம் தேதி மிக்ஜாம் புயலுக்குச் சென்னை உட்பட நாலு மாவட்டங்களுக்குப் பொது விடுமுறையே விட்டார்கள். தனியார் கம்பெனிகளை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லுங்கள் என்றார்கள். ஆனால் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொள்ளலாம், பெட்ரோல் பங்க்கை வைத்துக்கொள்ள முடியுமா? அதே நாள் காலையில் வேளச்சேரியில் கட்டுமானப் பள்ளம் சரிந்து இரண்டு பேர் போனார்கள். இரண்டு பேருமே வேலைக்கு வந்தவர்கள்.

2024 அக்டோபரில் இன்னொரு கூத்து. ரெட் அலர்ட் என்றதும் ஜனங்கள் காரையெல்லாம் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் நிறுத்திவிட்டார்கள். கிண்டல் செய்தவர்கள் உண்டு. 2015-ல் கார் மிதந்தவன் கிண்டல் செய்யவில்லை. ஐ.டி.காரர்களுக்கு 15-ம் தேதியிலிருந்து வீட்டிலிருந்தே வேலை. நான் இப்போது வீட்டில் உட்கார்ந்து எழுதுகிற ஜாதி, எனக்கென்ன? என் மனைவிக்குத்தான் நுங்கம்பாக்கத்தில் ஒரு ஆடிட் ஆபீஸ். அங்கே வழக்கமான அதே வாசகம்!

"போறதுக்கு ட்ரெயின் இருக்குங்க. சாயங்காலம் இருக்கும்னு யார் கேரண்டி?" என்று கேட்டுவிட்டு 16-ம் தேதி லீவு போட்டாள். அன்றைக்குப் பார்த்து மழை நம்மை ஏமாற்றிவிட்டு வடக்கே போய்விட்டது. மத்தியானம் மொட்டை மாடியில் துணி காயப் போட்டோம். மறுநாள் ஆபீஸில், "என்ன மேடம், வெயில் லீவா?" என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு சி.எல். போயிற்று. அவள் அலட்டிக்கொள்ளவில்லை.

அதோடு விடவில்லை. ஆபீஸ் டேபிளின் கீழ் டிராயரைக் காலி செய்து, ஒரு செட் சுடிதார், டார்ச், குரோசின் பட்டை, இரண்டு பாக்கெட் பிஸ்கட் என்று வைத்துவிட்டாள். ஏதோ ஃபைல் தேடி அந்த டிராயரைத் திறந்த மேனேஜர் அசந்து போய், "இதெல்லாம் என்னம்மா?" என்றாராம்.

"சூழ்நிலை சார்" என்றாளாம்.