கொழும்பு மைதானப் பணியாளர்கள்

கொழும்பு ஆர். பிரேமதாச கிரிக்கெட் மைதானத்தின் பராமரிப்பில் பெரும்பகுதி தண்ணீரோடு மல்லுக்கட்டும் வேலை. சதுப்பு நிலத்தில் எழுந்த இம்மைதானம் 1986இல் திறக்கப்பட்டது. கெத்தாராம என்ற பழைய பெயர் இன்றும் வழக்கில் உண்டு. ஆடுகளத்துக்கு வேண்டிய ஈரத்தை ஊட்டுவதும் வேண்டாத மழைநீரை விலக்குவதும் இங்குள்ள பணியாளர்களின் பொறுப்பு.

ஆடுகளத்தின் நீளம் 20.12 மீட்டர், அகலம் 3.05 மீட்டர். மேற்படை களிமண். இலங்கையில் இதற்குப் பேர்போனது மன்னார் மாவட்டத்து முருங்கன் களிமண். ஈரத்தில் உப்பி, காயும்போது சுருங்கி இறுகுவது அதன் இயல்பு. போட்டிக்குப் பல நாட்கள் முன்பே நீர் பாய்ச்சி மண்ணை ஊறவிடுவர். அடுத்தது உருளை. சேறாக இருக்கையில் உருட்டினால் மண் ஒட்டிப் பெயரும். காய்ந்தபின் உருட்டினால் இறுகாது. விரல் தடம் பதிய வேண்டும், கையில் மண் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில்தான் பாரமான உருளை ஓடும். புல்லை ஒட்ட வெட்டினாலும் வேரை விட்டுவைப்பர். மண் பிளக்காமல் பிடித்திருப்பது வேர்தான்.

போட்டி நாளில் கோடுகளுக்கு வெள்ளை பூசப்படும். துடுப்பாட்டக் கோடு விக்கெட்டிலிருந்து 1.22 மீட்டர் முன்னே அமைய வேண்டும். முதல் இன்னிங்ஸுக்குப் பிந்திய ஒவ்வோர் இன்னிங்ஸுக்கும் முன்னர், துடுப்பெடுத்தாடும் அணித்தலைவர் கேட்டால், ஆடுகளத்தை அதிகபட்சம் 7 நிமிடம் உருட்டலாம் என்கிறது ஆட்டவிதி.

வேலையின் கடினமான பகுதி மழையோடு வருகிறது. பல நாடுகளில் ஆடுகளத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் மட்டும் மூடுவார்கள். இலங்கையில் மைதானம் முழுவதையும் மூடும் வழக்கம் இருக்கிறது. தூறல் விழுந்ததும் விரிப்புகளைப் பலர் சேர்ந்து இழுத்துக்கொண்டு ஓடுவர். முதலில் மறைவது ஆடுகளம். காற்றில் பறக்காதிருக்க விரிப்பின் மேல் பழைய டயர்களை வைப்பர். மழை விட்டபின் விரிப்பை அவசரமாகச் சுருட்டினால், மேலே தேங்கிய நீர் முழுவதும் புல்லில் கொட்டிவிடும். அதனால் நீரை எல்லைப் பக்கம் வடியவிட்டே நகர்த்த வேண்டும். நெடுநேரம் மூடி வைப்பதும் கேடு: அடியில் வெக்கை சேர்ந்து மண் வியர்க்கும், புல் பழுக்கும். எனவே வெயில் தலைகாட்டியதும் விரிப்பு விலகும். வானம் கறுத்தால் மறுபடி விரியும்.

2023 ஆசியக் கிண்ணத்தின்போது இந்த உழைப்பை உலகம் கண்டது. செப்டம்பர் 10இல் இந்தியா, பாகிஸ்தான் ஆட்டம் மழையால் நின்று மறுநாள் தொடர்ந்தது. செப்டம்பர் 17இல் நடந்த இறுதிப்போட்டியும் மழையால் தாமதமாகவே தொடங்கியது. அதில் 21 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் எடுத்த முகமது சிராஜ், ஆட்டநாயகன் பரிசான 5,000 டொலரை மைதானப் பணியாளர்களுக்கு வழங்கினார். கொழும்பு, கண்டி மைதானப் பணியாளர்களுக்கு 50,000 டொலர் வழங்குவதாக ஆசிய கிரிக்கெட் பேரவையும் இலங்கை கிரிக்கெட்டும் அறிவித்தன.